தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

அந்தத் தெருவில் டெய்லர் வீடு எது என்று கேட்டால், "கண்டக்டரம்மா வீடா? அதோ, அந்தப் பச்சை கேட்" என்றுதான் பதில் வரும். டெய்லர் அந்த வீட்டின் கூடத்தில் மெஷினைப் போட்டுக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவர். தெருவில் வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் தைத்த டவுசரோடுதான் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்கள். என்ன பிரயோஜனம்? வீட்டுக்குப் பேர் வாங்கியது அவர் மனைவி. பெண்கள் பஸ்ஸில் கண்டக்டராக வந்தால் ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்த காலத்தில், தோளில் தோல் பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறியவள் அவள். அவள் தொண்டைக்கு முன்னால் தையல் மெஷின் எந்த மூலை?

அவள் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை. டெய்லர் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, பழைய வாடிக்கைக்காரர் யாராவது ஜிப் மாற்றக் கொண்டுவந்தால் நன்றாக நாலு திட்டுத் திட்டிவிட்டு வாங்கி வைத்துக்கொள்வார். கையில் வேலை இருக்கிறவரை காலம் ஓடிவிடும் என்பது அவர் எண்ணம். அப்படித்தான் ஓடிக்கொண்டும் இருந்தது, குளியலறையில் வழுக்கி விழும்வரை.

பெரிய அடி ஒன்றும் இல்லை. மணிக்கட்டு பிசகியது, அவ்வளவுதான். குளியலறைத் தரை பழைய சிமெண்ட் தரை. மூலைகளில் பாசி பிடித்து வழவழவென்று இருக்கும். டெய்லர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, மகளிடம் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தார். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசும்போது கட்டு தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகள் ஒரு நிமிஷம் அவரை உற்றுப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல எதுக்குப்பா முழுக்கை? வெயில் காலத்துல முழுக்கை தைக்கச் சொல்லி வந்தவனையே நீங்க விரட்டி விட்டிருக்கீங்களே."

மாட்டிக்கொண்டார். அன்றைக்கே அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"இதோ பாருங்கப்பா, அழுதுட்டே பேச எனக்கு நேரமில்ல. ஒண்ணு, அந்த பாத்ரூமை ஒழுங்கு பண்ணுங்க. அடுத்த மாசம் நான் வந்து பார்ப்பேன். எனக்கு மனசு ஒப்பலைன்னா, வீட்டைப் பூட்டிட்டு எங்கூடக் கிளம்பிடணும். மறு பேச்சு பேசக் கூடாது. சரியா?"

"சரி."

"பணம் அனுப்பறேன்."

"உன் பணம் உங்கிட்டயே இருக்கட்டும் பாப்பா. என் பாத்ரூமுக்கு எனக்குச் செலவு பண்ணத் தெரியும்."

வீராப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, போனை வைத்ததும் குளியலறை வாசலில் போய் நின்று அந்தப் பாசித் தரையைப் பார்த்தார். மகள் வீட்டுக்குப் போவது ஒன்றும் தண்டனை இல்லை. அவள் தங்கமான பெண். மாப்பிள்ளை அதற்கும் மேல். ஒருமுறை போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டும் வந்திருக்கிறார். அங்கே குளியலறை கடையில் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி பளபளவென்று இருக்கும். உள்ளே போனால் 'க்ளிக்' என்று கதவு பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் உள்ளே ஒரு ஆள் இருப்பதற்கு அடையாளமே கிடையாது. ஒருநாள் வெளியே துண்டோடு வெகுநேரம் காத்து நின்றார். கடைசியில் மாப்பிள்ளை ஆபீஸ் போய் வெகுநேரம் ஆகிவிட்டது, உள்ளே ஈ காக்கை இல்லை என்று தெரிந்தது. அந்த வீட்டில் யாரும் சத்தம் கொடுப்பதில்லை. அவருக்கு அதுதான் ஒத்துவரவில்லை.

சத்தம் கொடுப்பது என்றால் அது இந்த வீட்டு வழக்கம். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கூத்து நடந்ததாகத் தெரியவில்லை.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பொம்மைக்குச் சட்டை வேண்டும் என்று, யாரோ ஒருவர் கொடுத்து வைத்திருந்த நல்ல கோட்டுத் துணியின் நடுவில் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் பயம் பிடித்தது. ஓடிப்போய்க் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். அந்தத் தாழ்ப்பாள் பெரியவர்களுக்கே இழுபறி. போட முடிந்தவளுக்குத் திறக்க முடியவில்லை. உள்ளே அவள் அழுகிறாள், வெளியே டெய்லர் அழாத குறை. கடைசியில், கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கதவில் ஓங்கிப் போட்டார். தாழ்ப்பாள் ஆணியோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. துணி போனதைக் கேட்க அவருக்கு மறந்தே போய்விட்டது.

டூட்டி முடிந்து வந்த கண்டக்டரம்மா பையைக் கூடக் கழற்றவில்லை. கதவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இனிமே இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே வேண்டாம். உள்ள போறவங்க சத்தம் குடுத்துட்டே இருங்க. சத்தம் கேட்டா யாரும் தள்ளப் போறதில்ல. சத்தம் நின்னா என்னன்னு போய்ப் பாருங்க. முடிஞ்சுது."

அவள் சொன்னால் சொன்னதுதான். பஸ்ஸில் படியில் தொங்குகிற காலேஜ் பையன்களையே உள்ளே இழுத்துப் போட்டவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று சத்தம். மகள் வாய்ப்பாடு சொல்வாள். அதில் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் போய் முட்டிக்கொள்வாள்; டெய்லர் மெஷினை மிதித்துக்கொண்டே வெளியிலிருந்து விடையை எடுத்துக் கொடுப்பார். டெய்லருக்குப் பாட்டும் வராது, கதையும் வராது. வாடிக்கைக்காரர்களின் அளவைச் சொல்லிக்கொண்டே குளிப்பார். "உயரம் இருபத்தேழு, தோள் பதினாறு, கை ஒம்போதரை..." என்று அவர் ஆரம்பித்தால், தெருவில் போகிறவர் சில பேர் அது யாருடைய உடம்பு என்று யோசித்துக்கொண்டே போவார்கள்.

கண்டக்டரம்மாவின் சத்தம்தான் சத்தம். அவள் தன்னுடைய ரூட்டைச் சொல்வாள். தலையில் முதல் செம்புத் தண்ணீர் விழும்போது வண்டி கிளம்பும். "மணிக்கூண்டு, மணிக்கூண்டு... பழைய மார்க்கெட் இறங்கறவங்க முன்னாடி வாங்க... பள்ளிக்கூடம், பையைப் பார்த்து எடுத்துக்கங்க... மாவு மில்லு..." மாவு மில்லில் சோப்புப் போடுவாள். "ரெட்டைப் பாலம்" என்றதும் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் டீக்குப் பாலை அடுப்பில் வைப்பார். "தண்ணித் தொட்டி" வரும்போது பால் பொங்கும். "டெப்போ, டெப்போ. வண்டி இதோட நிக்கும், எல்லாரும் இறங்கிக்கங்க" என்று குரல் வந்தால், அவள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வரவும் டம்ளர் தயாராக இருக்கவும் சரியாக இருக்கும். அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. கல்யாண வாழ்க்கையில் டெய்லர் மிகவும் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று கேட்டால், அவர் வெட்கப்படாமல் இதைத்தான் சொல்வார்.

கடைசிக் காலத்தில் அவளுக்கு முடியாமல் போனபோது, ஒரு முக்காலியில் அவளை உட்கார வைத்து அவர்தான் தண்ணீர் ஊற்றினார். எதிரிலேயே ஆள் நிற்கும்போது சத்தம் எதற்கு? ஆனாலும் அவள் விடவில்லை. குரல் மெலிந்து, மூச்சு வாங்கி, தண்ணித் தொட்டிவரை வருவாள். அங்கே வண்டி நின்றுவிடும். "டெப்போ, டெப்போ" என்று அவர் முடித்து வைப்பார். அவள் போன பிறகு அவர் வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. அளவு சொல்லிக் குளிப்பதையும் விட்டுவிட்டார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் யாருக்குத் தோள் அளவு?

இந்த நிலைமையில்தான் குளியலறை வேலை ஆரம்பமாயிற்று. வேலைக்கு வந்தவர் ஒரு கொத்தனார். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பதால் ஊரே அவரை ஆகட்டும் என்றுதான் கூப்பிடும். அவர் குளியலறையில் தலையை நீட்டிப் பார்த்தார். சுவரில் இடுப்பளவுக்கு நீல டைல்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வெள்ளைப் பூ. அதற்கு மேலே உதிர்ந்த சுண்ணாம்பு. ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் பக்கெட். அடியில் கரையானும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொண்டு தின்ற மரக் கதவு.

"மொத்தமா உடைச்சு எடுத்துட்டு வெள்ளை டைல்ஸ் போட்டுடலாம். பளிச்சுனு இருக்கும்" என்றார்.

"நீல டைல்ஸ் மேல கை வைக்கக் கூடாது."

"ஆகட்டும்" என்றார் கொத்தனார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் டெய்லர் சொல்லியிருப்பார். அந்த டைல்ஸ் கண்டக்டரம்மா பஸ்ஸிலிருந்து கண்டுபிடித்தது. அவள் ரூட்டில் ஒரு டைல்ஸ் கடையை இழுத்து மூடும்போது, மிச்சம் மீதியை மலிவாகக் கொடுத்தார்கள். வண்டி வைத்துக் கொண்டுவந்தால் டைல்ஸ் விலையை வண்டி வாடகை சாப்பிட்டுவிடும். அதனால் அவள் ட்ரிப்புக்கு ஒரு பெட்டி வீதம் தன் சீட்டுக்கு அடியில் தள்ளி, பயணிகளின் காலுக்கு நடுவே வைத்து, தெருமுனை ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போவாள். டெய்லர் சைக்கிளோடு காத்திருப்பார். டிரைவர் திட்டுவார், பயணிகள் டிக்கெட் எடுத்துவிட்டுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வருவார்கள். அப்படி ஊரே சுமந்து வந்து கட்டிய குளியலறை அது. அதை வெள்ளையாக்க அவருக்கு மனசு வருமா?

ஆக, கையிலிருந்த காசுக்கும் மனசுக்கும் தோதாக ஒரு திட்டம் போட்டார்கள். நீல டைல்ஸை டெய்லரே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்தார். இடுக்குகளிலிருந்த கறுப்பைச் சுரண்டி எடுத்து வெள்ளை சிமெண்ட் பூசினார். தையல் போடுகிற விரல் இல்லையா, கோடு கோடாக நேராக வந்தது. மேல் சுவருக்கு வெள்ளைப் பெயிண்ட். தரையை உடைத்தால் செலவு கூடும் என்று, பாசியைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே சொரசொரப்பான டைல்ஸைப் பதித்தார் கொத்தனார். தரை உயர்ந்து, குளியலறை வாசலில் ஒரு படி உண்டாகிவிட்டது.

"இறங்கும்போது தடுக்குமே" என்றார் டெய்லர்.

"பிடிச்சுக்க ஒரு கம்பி வெச்சுடலாம். கடையில பளபளன்னு இருக்கும், விலையும் பளபளன்னு இருக்கும். பழைய இரும்புக் கடையில பார்க்கட்டுமா?"

அவர் கொண்டுவந்த கம்பியை டெய்லர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ உடைத்த பஸ்ஸின் படிக்கட்டுக் கம்பி அது. மஞ்சள் பெயிண்ட் பாதி போய், கை படுகிற இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அவள் ஏறிய பஸ்ஸாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏதோ ஒரு பஸ் கம்பி, அவருக்கு அது போதும். பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதுவரை எல்லாம் ஒழுங்கு. கோட்டை விட்டது கதவில்தான்.

கதவுக்கு அளவு எடுக்கும் பொறுப்பை டெய்லர் தானே ஏற்றுக்கொண்டார். "அளவு எடுக்கிறதுக்கு எனக்கு ஆள் வேணுமா?" என்று கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். நிலையின் உள் அகலம், உயரம் இரண்டையும் தப்பில்லாமல் அளந்தார். எழுதும்போது கை தானாக வேலை செய்தது. இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இஞ்ச் விட்டது. அடியில் மடிப்புக்கென்று இன்னும் கொஞ்சம் விட்டது. வளர்கிற பிள்ளைகளுக்கே தைத்துத் தைத்துப் பழகிய கை. துண்டுச் சீட்டைக் கடையில் கொடுத்தார். கடைக்காரர் அதே அளவுக்கு பிளாஸ்டிக் கதவை வெட்டி, பளபளக்கும் ஒரு தாழ்ப்பாளையும் இலவசமாகப் பொருத்தி அனுப்பிவிட்டார்.

கொத்தனார் கதவை நிலையில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். திருப்பி வைத்துப் பார்த்தார்.

"டெய்லரய்யா, கதவு என்ன வளர்ற பிள்ளையா? மடிப்பு வேற விட்டிருக்கீங்க."

டெய்லருக்கு முகம் சுருங்கிவிட்டது. அளந்து வெட்டிய கதவைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள். புதிதாக ஒன்று வாங்கக் கையில் காசு இல்லை. மறுநாள் மகள் வருகிறாள். கொத்தனார் கதவின் ஓரத்தை முடிந்தவரை அறுத்தார். உள்ளே கூடாக இருக்கிற கதவு அது, அதற்கு மேல் அறுத்தால் வாய் பிளந்துவிடும். மிச்சத்துக்குப் பழைய மர நிலையைச் செதுக்கினார். அப்புறம் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. கதவு உள்ளே போய் உட்கார்ந்தது.

"கொஞ்சம் டைட்டாதான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

"இழுத்தா வருமா?"

"வரும், வரும்" என்று இழுத்துக் காட்டிவிட்டு, "ஆகட்டும், நான் வர்றேன்" என்று போனார்.

மறுநாள் காலையில் டெய்லர் மகள் வருவதற்கு முன்னால் குளித்துத் தயாராகிவிட வேண்டும் என்று உள்ளே போனார். கதவைச் சாத்த முடியவில்லை. முதுகைக் கொடுத்து அழுத்திச் சாத்தினார். தாழ்ப்பாளைப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனாலும் புதுசு, ஆசை யாரை விட்டது? போட்டார். க்ளிக் என்றது. மகள் வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரியே. வெந்நீரைத் தாராளமாக மோந்து ஊற்றிக்கொண்டார். நிலையின் செதுக்கிய மரமும் வெந்நீரைத் தாராளமாகவே குடித்தது.

குளித்து முடித்துத் தாழ்ப்பாளை விலக்கிக் கதவை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். தாழ்ப்பாளின் பிடி மட்டும் கையோடு வந்தது. கதவு நிலையோடு சேர்த்துத் தைத்த மாதிரி நின்றது. தைத்தவர் அவர்தானே, யாரை நோவது? ஈரத் துண்டோடு முக்காலியில் உட்கார்ந்து யோசித்தார். கத்தினால் அக்கம்பக்கத்தில் யாராவது வருவார்கள். ஆனால் மகள் வருகிற நாளில் தெருவே திரண்டு வந்து அவரைக் குளியலறையிலிருந்து மீட்டது என்றால், அவள் வேறு என்ன பார்க்க வேண்டும்? பெட்டியைக் கட்டு என்பாள். வாக்குக் கொடுத்தாயிற்று. எப்படியாவது அவள் வருவதற்குள் திறந்துவிட வேண்டும் என்று, கையில் கிடைத்த சீப்பை நிலையின் இடுக்கில் விட்டு நெம்பினார். சீப்பு உடைந்தது.

அப்போது வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அவளிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு. மத்தியானம் வருகிறேன் என்றவள் காலையிலேயே வந்து நிற்கிறாள்.

"அப்பா?"

டெய்லர் நெம்புவதை நிறுத்தினார். ஒன்றும் தோன்றாமல், செம்பை எடுத்துத் தண்ணீரை ஒரு முறை சளப்பென்று தரையில் ஊற்றிவிட்டு ஆரம்பித்தார்.

"உயரம் இருபத்தேழு... தோள் பதினாறு... கை ஒம்போதரை..."

வெளியே பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம். அப்புறம் மெஷினுக்கு முன்னால் இருக்கிற ஸ்டூல் கிறீச்சென்றது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தத்தை எத்தனை காலம் கழித்து அவள் கேட்கிறாளோ. டெய்லர் ஒரு கையால் கதவை நெம்பிக்கொண்டே வாயால் அளவு சொன்னார். ஒரு ஆளை முடித்து இன்னொரு ஆளைப் பிடித்தார். பழைய தலைமையாசிரியரின் இடுப்பளவு வந்தது, தபால்காரரின் கழுத்தளவு வந்தது. ஞாபகத்தில் இருந்த உடம்பெல்லாம் தீர்ந்துபோயிற்று. சத்தத்தை நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் அவள் வந்து பார்ப்பாள். அது அவள் அம்மா போட்ட சட்டம். டெய்லர் மஞ்சள் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடுத்து என்ன சொல்வது என்று அவர் யோசிக்கவில்லை, அதுவே வந்தது.

"மணிக்கூண்டு, மணிக்கூண்டு... பழைய மார்க்கெட் இறங்கறவங்க முன்னாடி வாங்க..."

வெளியே ஸ்டூல் அசையாமல் இருந்தது. பள்ளிக்கூடம் வந்தது, மாவு மில் வந்தது. ரெட்டைப் பாலமும் வந்தது. நீல டைல்ஸில் ஒரு மூலை உடைந்த டைல் கண்ணுக்கு நேரே இருந்தது. இறக்கும்போது சைக்கிள் சாய்ந்து உடைந்தது அது. அன்றைக்கு அவள் அவரைத் திட்டவில்லை, சிரித்தாள்.

"தண்ணித் தொட்டி" என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. உடனே ஸ்டூல் கிறீச்சிட்டது. காலடி ஓடி வந்தது.

"அப்பா? ஏன் நிறுத்திட்டீங்க? அப்பா, சத்தம் குடுங்க."

இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"கதவு திறக்கலை பாப்பா" என்றார் டெய்லர். "நான் நல்லாத்தான் இருக்கேன். கதவுக்குத் தையலுக்கு விட்டுட்டேன்."

அவள் வெளியிலிருந்து கதவை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தாள். அப்புறம், "கம்பி ஏதாவது இருக்கா உள்ள? அதைப் பிடிச்சுட்டு மூலையில தள்ளி நில்லுங்க" என்றாள். அவள் எங்கே போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. மெஷினுக்கு அடியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு போடு போட்டாள். இரண்டாவது போட்டில் கதவு நடுவில் பொத்துக்கொண்டு, கீலோடு உள்ளே வந்து விழுந்தது. வாசலில், தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி மகள் நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

டெய்லர் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். வாதாடவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, சட்டைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி வைத்தார். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். வைத்தார். வெளியே எடுத்தார். மறுபடியும் வைத்தார். மகள் அதைப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து மிச்சச் சீருடைத் துணி ஒன்றை எடுத்துக் கதவில்லாத நிலையில் தொங்க விட்டாள்.

"ராத்திரி பூரா பஸ்ஸுல வந்தது. குளிச்சுட்டு வர்றேன்."

உள்ளே தண்ணீர் விழுந்தது. அவள் அங்கே தன் வீட்டில் எப்படிக் குளிப்பாள் என்று அவருக்குத் தெரியும். பேச்சு மூச்சில்லாமல் குளிப்பாள். டெய்லர் கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். துணிக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தது.

"பதிமூணு ஒண்ணு பதிமூணு... பதிமூணு ரெண்டு இருபத்தாறு..."

டெய்லருடைய கை நின்றது. கம்பெனிக் கணக்கெல்லாம் பார்க்கிறவள், அதே பழைய இடத்தில் வந்து நின்றாள்.

"பதிமூணு ஏழு..."

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றார் டெய்லர்.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்று உள்ளே குரல் தொடர்ந்தது. தெரியாமல் நின்றாளா, வேண்டுமென்றே நின்றாளா என்று அவர் கேட்கவில்லை.

அவள் படியில் மஞ்சள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். தரையை ஒருமுறை காலால் தேய்த்துப் பார்த்தாள், வழுக்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தாள். நேராகப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து மெஷின் மேல் வைத்தாள்.

"அங்க வந்து நீங்க யாருக்குச் சத்தம் குடுப்பீங்க? இங்கயே இருங்க. ஆனா ஒண்ணு, இந்த பாத்ரூமுக்குக் கதவு வேண்டாம். திரைதான். தையுங்க. அப்புறம், தினம் குளிக்கப் போகும்போது எனக்கு போன் போட்டு மெஷின் மேல வெச்சுட்டுத்தான் போகணும். சத்தம் நின்னா நான் பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணிடுவேன். சரியா?"

"சரி" என்றார் டெய்லர். கழுத்தில் டேப்பைத் தேடினார், அது பெட்டிக்குள் இருந்தது.

திரையை நீலச் சீருடைத் துணியில் தைத்தார். நிலையை அளந்து, இரண்டு பக்கமும் தையலுக்கு விட்டு, அடியில் மடிப்புக்கும் விட்டு வெட்டினார். அது அச்சாகப் பொருந்தியது.

மகள் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், அவர் போனை மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் திரைக்கு உள்ளே போனார். முதல் செம்பு தலையில் விழுந்ததும் வண்டி கிளம்பியது. மணிக்கூண்டு, பழைய மார்க்கெட், பள்ளிக்கூடம். மாவு மில்லில் சோப்புப் போட்டார். ரெட்டைப் பாலம் என்றபோது போனில் பாத்திரச் சத்தம் கேட்டது. "பால் வெச்சுட்டேன்பா, நீங்க போங்க" என்றாள் மகள்.

"தண்ணித் தொட்டி" என்றார் டெய்லர். அன்றைக்குப் போலவே அங்கே நின்றார்.

"டெப்போ, டெப்போ" என்றது போன். அம்மாவின் குரல் அவளுக்கு இருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. "வண்டி இதோட நிக்கும். எல்லாரும் பார்த்து இறங்கிக்கங்க."

டெய்லர் துண்டை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, பார்த்து இறங்கினார்.